ஆணிகள் காட்டிய வீடு: மெட்டல் டிடெக்டரோடு ஒரு தரிசு நிலத்தில்

மெட்டல் டிடெக்டரைக் கையில் எடுக்கும் பெரும்பாலோர் முதல் வேலையாக இரும்பின் ஒலியை அடைத்துவிடுகிறார்கள். கருவியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. துருப்பிடித்த ஆணியும் கம்பித் துண்டும் வாய் திறக்காது; செம்பு, பித்தளை, வெள்ளி மட்டும் குரல் கொடுக்கும். பழைய வண்டிப்பாதை ஓரமாக இருந்த ஒரு தரிசு நிலத்தில் நான் இதற்கு நேர்மாறாக வேலை செய்தேன். இரும்பின் ஒலியை முழுவதும் திறந்துவிட்டு, ஆணி கிடந்த இடங்களையெல்லாம் கட்டம் போட்ட தாளில் குறித்தேன். அங்கே கிடைத்த காசுகளில் அநேகமாக எல்லாமே அந்த ஆணிகளுக்கு நடுவிலிருந்தோ, ஆணிக்கூட்டம் முடியும் விளிம்பிலிருந்தோதான் வந்தன. கருவியைச் சரிசெய்ததிலிருந்து தொடங்கி, செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

கருவியைப் பழுது பார்த்தது

என்னுடையது புதிய கருவி அல்ல. கைமாறி வந்தது, வருவதற்கு முன் நெடுங்காலம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. தாழ் அதிர்வெண்ணில் இயங்கும் வகை. தரையை ஒட்டி வீசும் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறும் மின்னோட்டத்தால் காந்தப்புலத்தை எழுப்பும். இந்த வகையில் பெரும்பாலான கருவிகள் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் வேலை செய்கின்றன. மற்றச் சுருள் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் சுருளின் விளைவு இரண்டாவதில் ஏறத்தாழ இல்லாமல் போகும்படி இரண்டையும் பொருத்தியிருப்பார்கள். உலோகம் அருகே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்தச் சமநிலை கலையும். எவ்வளவு கலைகிறது என்பது ஒலியின் வலுவாகவும், எவ்வளவு தாமதத்தோடு கலைகிறது என்பது உலோகத்தின் அடையாளமாகவும் வெளிவருகிறது. வெள்ளியும் தடித்த செம்பும் ஒரு முனை, இரும்பாணி மறுமுனை. இடையில் சிறு தங்கத்துண்டும் கசங்கிய அலுமினியத் தாளும் ஒரே இடத்தில் விழும். அவற்றைப் பிரித்துச் சொல்ல, கருவியின் திரையில் தோன்றும் எந்த எண்ணாலும் முடியாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் தகடுகளின் மேல் வெள்ளைப் பொடி. அல்கலைன் பேட்டரி கசிந்தால் வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். காற்றுப் பட்டு அது கார்பனேட்டாக உறைந்துவிடும். காரத்துக்கு மென்மையான அமிலம்தான் மாற்று. பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்து ஒற்றினேன், நுரைத்துக் கரைந்தது. பிறகு தண்ணீர் ஒற்றி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தகட்டில் ஒட்டியிருந்த பச்சையை மிக நுண்ணிய உப்புத்தாளால் எடுத்தேன்.

பேட்டரி போட்டதும் கருவி உயிர்பெற்றது. ஆனால் தட்டை அசைக்காமல் வைத்திருந்தபோதே விட்டுவிட்டுக் கத்தியது. வீட்டு மின்கம்பிகளின் குறுக்கீடாக இருக்கலாம் என்று திறந்த வெளிக்குக் கொண்டுபோனேன், அங்கும் நிற்கவில்லை. தட்டை மரப்பலகையில் வைத்துவிட்டுக் கேபிளைச் சாண் சாணாக வளைத்துப் பார்த்தேன். இணைப்பான் பக்கத்து முனையை வளைக்கும்போதெல்லாம் ஒலி வந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் ஒரு கம்பியின் மின்தடை அந்த வளைவில் எகிறிக் குதித்தது. உள்ளே இழைகள் அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன.

இந்த முனையில் பழுது என்பது நல்ல செய்தி. தட்டுக்குள் நுழையும் இடத்தில் அறுந்திருந்தால் அது எபாக்சி என்னும் கெட்டிப் பிசினுக்குள் புதைந்திருக்கும், கைவைப்பது கடினம். இணைப்பானைத் திறந்து, எந்த நிறக் கம்பி எந்த முள்ளில் என்று படம் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதியை வெட்டிவிட்டு மீண்டும் பற்றவைத்தேன். வெளியே சுற்றியிருக்கும் கவசப் பின்னல் வேறு எந்த முள்ளையும் தொடக் கூடாது. ஓர் இழை தப்பித் தொட்டாலும் கருவி உளறும். சூடுபட்டால் சுருங்கும் உறையை ஒவ்வொரு முள்ளுக்கும் தனித்தனியே போட்டேன். கேபிளைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றிக் கட்டினேன். நடக்கும்போது கேபிள் ஆடினாலே சில கருவிகள் அதை உலோகம் என்று எண்ணிக்கொள்ளும்.

தட்டின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பலர் கழற்றிப் பார்ப்பதே இல்லை. கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி மண். காந்தத்தை நீட்டியதும் அதில் பாதி எழுந்து ஒட்டிக்கொண்டது. இரும்புத்தாது கலந்த கருமணல். சுருளுக்குக் கீழேயே இவ்வளவு இரும்பைச் சுமந்துகொண்டு தரையில் இருக்கும் சிறு காசைத் தேடச் சொன்னால் எந்தக் கருவியும் திணறத்தான் செய்யும். கழுவித் துடைத்து மாட்டினேன்.

காதுக்குப் பயிற்சி

நிலத்துக்குப் போவதற்கு முன் ஒரு சோதனைப் பாத்தி போட்டேன். உலோகம் எதுவும் இல்லை என்று கருவியாலேயே உறுதிசெய்த ஓரிடத்தில் ஒரு செப்புக் காசைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் தனியாகப் புதைத்தேன். அதே ஆழத்தில் இன்னொரு காசு, அதற்குப் பக்கத்தில் நான்கு விரல் தள்ளி ஓர் ஆணி. பிறகு நேரான ஆணி, வளைந்த ஆணி, இரும்பு வாஷர், பான டப்பாவின் அலுமினிய வளையம் ஆகியவற்றைத் தனித்தனியே. ஒவ்வொன்றுக்கும் மேலே எண்ணிட்ட குச்சி.

இந்தப் பாத்தியை யார் போட்டாலும் அதிகம் கற்பது இரும்பைப் பற்றித்தான். நேரான ஆணி குறைந்த சுருதியில் முனகும், அது எளிது. வளைந்த ஆணியும் வாஷரும் அப்படியல்ல. வாஷர் வளைய வடிவம் என்பதால் அதில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றி, திரையில் வெள்ளிக்குரிய எண்ணையே காட்டும். ஆனால் ஒலியில் ஒரு பிசிறு இருக்கும். இரும்பின் பொய்யைப் பிடிக்க மூன்று சோதனைகளை வைத்துக்கொண்டேன். தட்டை ஒரு திசையில் வீசிக் கேட்டபின், தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசுவேன்; காசு இரு திசையிலும் ஒரே குரலில் பேசும், ஆணி பெரும்பாலும் ஒரு திசையில் கலைந்துவிடும். அடுத்து, இடங்காட்டும் பொத்தானை அழுத்தி ஒலியின் மையத்தைப் பார்ப்பேன். ஆணியின் நல்ல ஒலி அதன் முனைக்குச் சற்று அப்பால்தான் கேட்கும், மையம் இடம் தள்ளிக் காட்டும். கடைசியாகத் தட்டை மெல்ல உயர்த்துவேன். சிறு பொருளின் ஒலி உயரத்தோடு விரைவாக மங்கும். பெரிய இரும்புத் துண்டு இடுப்பளவு உயரத்திலும் விடாமல் கத்தும்.

ஒலி எவ்வளவு விரைவாக மங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தட்டின் அளவைத் தாண்டிய ஆழத்தில், சிறு பொருளின் எதிரொலி ஏறத்தாழ தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறையும். தூரம் இரட்டித்தால் ஒலி 64-ல் ஒரு பங்கு. காந்தப்புலம் போகும்போது மூன்று அடுக்கு தேய்கிறது. திரும்பும்போது இன்னொரு மூன்று அடுக்கு. இதனால்தான் எவ்வளவு திறன்மிக்க கருவியானாலும் ஒரு விரல்நுனி அளவுள்ள காசை ஒரு சாண் ஆழத்துக்கு அப்பால் கேட்பது அரிதாக இருக்கிறது. மீட்டர் கணக்கில் ஆழம் பேசும் விளம்பரங்கள் பெரிய பாத்திரத்தையும் பெட்டியையும் மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

பாத்தியில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது காசும் ஆணியும் பக்கத்தில் கிடந்த குழிதான். 28 சென்டிமீட்டர் தட்டை வழக்கமான வேகத்தில் வீசினால் ஆணியின் முனகல் மட்டுமே. காசு இல்லவே இல்லை. 15 சென்டிமீட்டர் சிறு தட்டை மாட்டி, நத்தை வேகத்தில் பல திசைகளில் வீசியபோது, ஒரே ஒரு திசையில் முனகலுக்கு நடுவே கூர்மையான ஒரு சிறு ஒலி எட்டிப்பார்த்தது. இரும்பை அடைத்துவைத்து அதே குழியின் மேல் வீசினேன். அந்தச் சிறு ஒலியும் ஆணியோடு சேர்ந்து நறுக்கப்பட்டுவிட்டது. அடைப்பு ஆணியை மட்டும் மறைப்பதில்லை, ஆணியின் நிழலில் இருக்கும் காசையும் மறைக்கிறது.

அருகிலிருக்கும் இரும்பு தேடுவதை மறைப்பது இந்தக் கருவியின் பிறப்பிலேயே இருக்கும் சிக்கல். 1881 ஜூலை 2-ம் தேதி அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் சமநிலைக் கருவியைக் கொண்டுவந்தார். மற்றச் சோதனைகளில் நன்றாக வேலை செய்த அந்தக் கருவி அதிபரின் படுக்கையருகே குழம்பியது. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் அதற்கு ஒரு காரணம். மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார், குண்டோ இடப்பக்கம் இருந்தது. கார்ஃபீல்டு அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார். 1930-களில் கெர்ஹார்ட் ஃபிஷர் கையில் எடுத்துச் செல்லும் கருவிக்குக் காப்புரிமை பெற்றதும், இரண்டாம் உலகப்போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காட்டி எகிப்தின் எல் அலமைன் போர்க்களத்தில் பயன்பட்டதும் பின்னால் வந்த கதை. மெத்தைச் சுருள் சிக்கல் மட்டும் இன்றும் என் தட்டின் கீழே ஆணி வடிவில் இருக்கிறது.

நிலம்

நிலத்துக்காரரிடம் முதலில் அனுமதி கேட்டேன், எழுத்தில் வாங்கிக்கொண்டேன். எது கிடைத்தாலும் அவரிடம் காட்டுவது, குழிகளை அன்றன்றே மூடுவது, சட்டப்படி அறிவிக்க வேண்டியதை அறிவிப்பது என்று மூன்றையும் அதில் எழுதினோம். இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி புதையலைப் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பல நாடுகளில் அனுமதியில்லாமல் தேடுவதே குற்றம். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் கருவியோடு காலடி வைக்கவே கூடாது. இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் நிலத்தில் இறங்குவதை நான் ஏற்பதில்லை.

கயிற்றை இழுத்துக் கட்டி நிலத்தை ஒன்றரை மீட்டர் அகலப் பட்டைகளாகப் பிரித்தேன். முதலில் தரைச் சமன். தட்டைத் தரைக்கு மேலும் கீழுமாக மெல்ல இயக்கி, மண்ணில் இருக்கும் தாதுவின் முணுமுணுப்பு நிற்கும்வரை திருகியைச் சரிசெய்தேன். நிலத்தின் மேல்புறம் செம்மண்ணாக மாறும் இடத்தில் மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது. உணர்திறனை உச்சத்தில் வைக்கவில்லை. தாது மிகுந்த மண்ணில் உச்சத்தில் வைத்தால் கருவி மண்ணையே கேட்கும். கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டு வரப்பில் வைத்துவிட்டு, இரும்பு முனை இல்லாத செருப்போடு நடந்தேன்.

முதல் சுற்றில் எதையும் தோண்டவில்லை. இரும்பின் முனகல் கேட்ட இடத்தில் வெள்ளைத்துணி கட்டிய குச்சி. மற்ற எந்த ஒலிக்கும் சிவப்பு. ஒவ்வொரு பட்டையும் முடிந்ததும் குச்சிகளின் இடத்தைக் கயிற்றிலிருந்து அளந்து கட்டத்தாளில் புள்ளியாக வைத்தேன். இது சலிப்பான வேலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாளில் புள்ளிகள் கூடக்கூட அடுத்த பட்டையை முடிக்கும் ஆவல் கூடிக்கொண்டே போனது.

நிலத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, உழவில் விழுந்த இரும்பு. நடுவுக்குச் சற்றுக் கிழக்கே புள்ளிகள் திடீரென அடர்ந்தன. அடர்த்திக்குச் சிதறல் வடிவம் இல்லை. நீண்ட இரு கோடுகளும் அவற்றைச் சேர்க்கும் ஒரு குறுக்குக் கோடும் தெரிந்தன. உழவு ஆணிகளை இழுத்துக் கலைத்திருந்ததால் கோடுகள் மங்கியிருந்தன, ஆனாலும் ஐயத்துக்கு இடமில்லை. கூரையின் கைமரங்களிலும் வரிச்சல்களிலும் அடிக்கப்பட்ட ஆணிகள், மரம் மட்கிய பின் சுவரை ஒட்டி விழுந்து கிடக்கின்றன. சுவர் மண்ணோடு மண்ணாகிவிட்டது. வீடு நின்ற இடத்தை ஆணிகள் மட்டும் வைத்திருந்தன.

இப்படிக் குப்பை இரும்பையும் ஈயத்தையும் புள்ளி வைத்துப் படிப்பதில் மிகப் பெரிய வேலை அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்தது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றோரம் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படையை லகோட்டா, செயேன் பழங்குடி வீரர்கள் முறியடித்த களம் அது. 1983-ல் தீப்பற்றிப் புல் எரிந்து தரை வெளிப்பட்டபின், 1984-லிருந்து டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டர் பழகிய தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொடி. ஒவ்வொரு தோட்டா உறைக்கும் ஓர் இடக்குறிப்பு. உறையின் அடியில் துப்பாக்கியின் ஊசி பதித்த தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று பின்தொடர்ந்தார்கள். அந்த உறைகளை ஒருவர் வந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அவை வெறும் பித்தளைத் துண்டுகள்.

ஆணியில் படித்த காலம்

ஆணிகள் அத்தனையையும் தோண்டவில்லை. கட்டத்துக்கு ஒன்றிரண்டு மட்டும். மண்ணில் மூன்று பக்கம் வெட்டி நான்காவது பக்கத்தைக் கீல் போல விட்டுத் திருப்புவேன். எடுத்த மண்ணைத் தார்ப்பாயின் மேல் குவிப்பேன். கைக்கருவியால் துழாவி எடுத்தபின் அதே மண்ணை அதே குழியில் மிதித்து மூடுவேன்.

துருவோடு இருக்கும் ஆணி ஒரு கட்டி மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மின்பகுப்பு முறையில் துருவை நீக்கினேன். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. நேர்முனையில் பழைய இரும்புத் தகடு, எதிர்முனையில் ஆணி, 12 வோல்ட் நேர்மின்சாரம். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் போடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வரும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கக்கூடியது, எனவே திறந்தவெளியில்தான் வேலை. முனைகளை மாற்றி இணைத்தால் ஆணிதான் கரையும் என்பதால் ஒவ்வொரு முறையும் இணைப்பைச் சரிபார்த்தபிறகே மின்சாரம் கொடுத்தேன். குமிழ்கள் எழ எழத் துரு இளகிக் கரும்பொடியாகிறது. பிரஷால் தேய்த்தால் போய்விடும். கழுவி, சூட்டில் உலர்த்தி, மெழுகு பூசினேன். உள்ளே திடமான இரும்பு மிச்சமிருக்கும் பொருளுக்குத்தான் இது. முழுக்கத் துருவாகிப்போனதை இந்த வாளியில் போட்டால் ஒன்றும் மிஞ்சாது.

வெளிவந்த ஆணிகள் இரண்டு விதம். ஒன்று கொல்லன் அடித்து வடித்தது: சதுர உடல், நான்கு பக்கமும் கூம்பும், தலையில் சம்மட்டி பட்ட முகங்கள். மற்றது உருண்டைக் கம்பியை இயந்திரத்தில் வெட்டிக் கூராக்கியது. இன்று நாம் அடிக்கும் ஆணி இதுதான். இவற்றுக்கு நடுவில் ஒரு வகை உண்டு. 1790-களிலிருந்து தகட்டை இயந்திரத்தில் வெட்டிச் செய்த, இரு பக்கம் மட்டும் கூம்பிய ஆணி. மேலை நாடுகளில் 19-ம் நூற்றாண்டு முழுக்க அது ஆண்டது. கம்பி ஆணி அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி, 1890-களுக்குப் பின் மற்றவற்றை ஒதுக்கிவிட்டது. என் நிலத்தில் நடுவகை ஒன்றுகூட வரவில்லை.

தாளில் இரண்டு விதத்தையும் வெவ்வேறு நிறத்தில் மாற்றிக் குறித்தபோது மகிழ்ச்சியில் எழுந்து நின்றுவிட்டேன். அடித்த ஆணிகள் தெற்குப் பகுதியில் மட்டும். கம்பி ஆணிகள் வடக்கில். பழைய வீடு சிறியது. கொல்லன் ஆணியை விட்டுக் கடை ஆணிக்கு ஊர் மாறிய பிறகு, யாரோ வடக்கே நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். நிலத்துக்காரரின் குடும்பத்தில்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு கட்டடத்தின் இரண்டு காலங்களை, இரும்புக் கடையில் எடைக்குக்கூட எடுக்காத ஆணிகள் சொல்லின.

காசுகளும் மற்றவையும்

அதன் பிறகே சிவப்புக் குச்சிகளுக்கு வந்தேன், சிறு தட்டோடு. ஆணிகள் அடர்ந்த பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று எல்லாத் திசைகளிலும் வீசினேன். முதல் சுற்றில் பெரிய தட்டு வெறும் முனகலாகச் சொன்ன இடங்களிலிருந்து கூர்மையான சிறு ஒலிகள் எழுந்தன. முதல் காசு சுவர்க்கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அதை ஒட்டியே இரண்டு ஆணிகள். இரும்பை அடைத்துவிட்டு நடந்திருந்தால் அதன் மேலேயே மிதித்துப் போயிருப்பேன்.

காசுகள் எங்கே கூடியிருந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. தெற்குச் சுவர்க்கோட்டில் ஆணிகளே இல்லாத ஓர் இடைவெளி இருந்தது. அதன் இருபுறமும் கனமான இரும்பு; தோண்டியதில் ஒரு கீலும் ஒரு நாதாங்கியும். அங்கேதான் வாசல். வாசலுக்கு வெளியே, பாதையை நோக்கிய விசிறி வடிவப் பரப்பில் காசுகள் அதிகம். மனிதர்கள் மடியிலிருந்தோ பையிலிருந்தோ காசை எடுக்கும் இடம், கொடுக்கும் இடம், தவறவிடும் இடம் அது. பாதையோரமாக லாடத்துண்டும் ஒரு தடித்த இரும்புக் கோலும் வந்தன. கோலை நிலத்துக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது வண்டிக் கடையாணி, தம்பி. சக்கரம் கழன்று போகாமல் அச்சில் செருகுவது,” என்றார். வாசலுக்கு வெளியே வண்டிகள் நின்றிருக்கின்றன. இரண்டு ஈய எடைகளும் அதே பக்கம் கிடைத்ததால், அந்த வீட்டில் ஏதோ நிறுத்து விற்றிருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன்.

உள்ளே கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தையல்காரர் விரலில் மாட்டும் பித்தளை உறை. ஊசி அழுத்திய குழிகள் ஒரு பக்கத்தில் மட்டும் தேய்ந்து வழவழத்திருந்தன. அதை அணிந்தவர் எந்தப் பக்கமாக ஊசியைத் தள்ளினார் என்று இப்போதும் விரலில் மாட்டிப் பார்த்தால் தெரிகிறது. காசு ஓராயிரம் கைகளில் தேய்ந்தது. இது ஒரே கையில் தேய்ந்தது.

ஈயத்தைத் தொட்டபின் கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அதன் வெள்ளைப் படிவு நஞ்சு. தோண்டும்போது குண்டு, எறிகணை போன்ற வடிவம் எதுவும் தென்பட்டால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும் கைவைக்காமல் விலகிக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

கழுவுவதும் வைப்பதும்

செப்புக் காசுக்கு மின்பகுப்பு இல்லை, வினிகர் இல்லை, புளி இல்லை, பிரஷ் இல்லை. மண்ணுக்குள் காசின் மேல் படியும் களிம்புப் படலத்தில்தான் எழுத்தும் உருவமும் இப்போது இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள உலோகம் ஏற்கெனவே அரிக்கப்பட்டுவிட்டது. பளபளவென்று தேய்த்தெடுத்த காசு, முகம் வழித்தெடுக்கப்பட்ட காசு. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே வந்தேன். இளகிய மண்ணை மூங்கில் குச்சியின் முனையால் உருப்பெருக்கியின் கீழே எடுத்தேன். அதோடு சரி.

எழுத்து தெரியாத அளவு தேய்ந்த காசைப் படிக்க அறையை இருட்டாக்கி, ஒரே விளக்கைக் காசின் விளிம்பு மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்துப் படமெடுத்தேன். விளக்கைச் சுற்றி நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். ஒரு கோணத்தில் ஒன்றுமே இல்லாத பரப்பு, இன்னொரு கோணத்தில் விளிம்பெழுத்துகளை நிழலாக எழுப்பிக் காட்டுகிறது. எடை, விட்டம், தடிமன், விளிம்பின் தன்மை ஆகியவற்றையும் எழுதிவைத்தால், முகம் அழிந்த காசைக்கூடப் பெரும்பாலும் அடையாளம் காணலாம்.

வெளிர்பச்சைப் பொடி பூத்த காசை மட்டும் தனியே பிரித்தேன். குளோரைடும் ஈரமும் சேர்ந்து வெண்கலத்தையும் செம்பையும் உள்ளிருந்தே தின்னும் நோய் அது. சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் உலர்வாக வைத்தால் அடங்கியிருக்கும். மற்றவற்றை அமிலமற்ற தாளில் மடித்தேன். பிவிசி பிளாஸ்டிக் உறைகளைப் பயன்படுத்தவில்லை. நாளடைவில் அவை பசைபோலக் கசிந்து காசைப் பச்சையாக்கும். ஒவ்வொரு மடிப்பின் மேலும் கட்ட எண், ஆழம், அருகில் என்ன கிடந்தது என்ற குறிப்பு.

நிறுத்திய மூலை

வடக்குப் பகுதியின் மேற்கு மூலையில், உழவு கலக்கிய மேல்மண் முடியும் ஆழத்தில் ஓர் ஒலி. மேல்மண்ணை விலக்கியபோது கீழே நிறம் மாறியது. கரியும் சாம்பலும் கலந்த, அசையாத ஒரு படிவம். அதன் முகத்தில் பானையோட்டின் விளிம்பு. ஒலி அதற்குக் கீழிருந்து வந்தது. உழவுமண்ணில் கிடக்கும் பொருள் ஏற்கெனவே இடம் பெயர்ந்தது. எடுத்துக் குறித்துக்கொண்டால் இழப்பு குறைவு. இந்தப் படிவமோ யாரோ விட்டுப்போனபடியே இருக்கிறது. கைக்கரணையால் குத்தினால் எந்த ஓடு எதற்கு மேலே இருந்தது என்ற செய்தி அந்தக் கணமே அழிந்துவிடும்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1992 நவம்பர் 16 அன்று எரிக் லாஸ் என்பவர், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். ஒலி கேட்டுத் தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், பொன் நகைகள், ரோமானியக் காசுகள். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தைக் கிடந்தபடியே எடுத்தார்கள். பதினையாயிரத்தை ஒட்டிய காசுகளோடு, அவை ஒரு மரப்பெட்டிக்குள் சிறு பெட்டிகளாக அடுக்கப்பட்டிருந்ததும் அதனால்தான் தெரியவந்தது. ஹாக்ஸ்ன் புதையல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சுத்தியலும் கிடைத்து அங்கேயே சேர்ந்துவிட்டது.

என் மூலையில் இருப்பது ஒரு பானைச் சட்டியின் பித்தளை மூடியாகக்கூட இருக்கலாம். அதனால் முறை மாறாது. படமெடுத்து, அளவு எடுத்து, அதே மண்ணைப் போட்டு மூடினேன். கட்டத்தாளின் நகல், ஆணிகளின் இரு நிறப் படம், காசுகளின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துத் தொல்லியல் துறைக்கு எழுதினேன். நிலத்துக்காரரும் கையெழுத்திட்டார். அந்த மூலையைச் சுற்றி இரண்டு மீட்டர் விட்டுத்தான் உழுவதாக அவராகவே சொன்னார். வடக்கே கம்பி ஆணிகள் முடியும் இடத்துக்கு அப்பால் இன்னும் ஆறு பட்டைகள் பாக்கி. மழைக்குப் பின் மண் ஈரமானதும் ஒலி தெளிவாக இருக்கும். சிறு தட்டோடு, இரும்பைத் திறந்துவைத்தபடி, அங்கே தொடங்கப்போகிறேன்.